எண்ணெய் பூசிய பாதை

டாவோஸில் இருக்கிறவர்களுக்கு வழுக்குவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். கடல் மட்டத்திலிருந்து 1560 மீற்றர் உயரத்தில் கிடக்கிற இந்த ஊருக்கு உலகம் வருவதே வழுக்குவதற்காகத்தான். சறுக்குப் பலகை, சறுக்கு வண்டி, ஐஸ் சப்பாத்து என்று ஆளுக்கொன்றைக் காலில் கட்டிக்கொண்டு, காசு கொடுத்து வழுக்குகிறார்கள். நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வழுக்காமல் நடக்கிற ஆட்கள். விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறபோது தெருவில் ஐஸ் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் சல்லி போட்டிருக்கிறார்கள் என்பது எங்கள் காலுக்குத் தெரியும்.

குசினி நிலம் வேறு மாதிரி. தெருவிலே இருக்கிற ஐஸ் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். குசினியில் பொரிக்கிற எண்ணெய் ஆவியாகி மேலே போய், ஆறி, திரும்பி நிலத்தில்தான் வந்து இருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொரசொரப்பான ஓடுதான் பதித்திருக்கிறார்கள், சப்பாத்துக்கும் அடியில் வரிகள் உண்டு. ஆனால் அந்த வரிகளுக்குள் மாவும் கொழுப்பும் ஏறி அடைத்துவிட்டால் மிதிபட்ட ஈரம் விலகிப் போக வழியில்லை. கால் ஓட்டில் படுவதில்லை, ஒரு படலத்தின் மேல் நிற்கிறது. அவசரத்தில் ஈரத் துணியால் துடைத்தால் எண்ணெயை ஒரு மூலையிலிருந்து எல்லா மூலைக்கும் பகிர்ந்து கொடுக்கிற வேலைதான் நடக்கும். சுடுதண்ணீரும் கொழுப்புக் கரைக்கிற மருந்தும் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இறப்பர்த் தடியால் இழுத்துக் கானுக்குள் விடவேண்டும். சனம் நிறைந்த இரவில் அந்தக் கொஞ்ச நேரம் யாருக்குக் கிடைக்கிறது?

ஒரு ஜனவரி இரவு எங்களில் ஒருவர் அப்படித்தான் விழுந்தார். கையில் இருந்த சூப்புச் சட்டி அவர் மேல் கொட்டாமல் மற்றப் பக்கம் போனது தெய்வாதீனம். வலது மணிக்கட்டு முறிந்தது. சுவிஸில் வேலை செய்கிறவர்களுக்கு 1984 இலிருந்து விபத்துக் காப்புறுதி கட்டாயம் என்பதையும், விபத்து நடந்து மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதம் வரும் என்பதையும், ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் அது பொருந்தும் என்பதையும் அந்த நாட்களில்தான் நாங்கள் ஒழுங்காக வாசித்து அறிந்தோம். (இதை வாசிக்கிறவர்களில் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறவர்கள் தங்கள் கடதாசியை ஒருக்கால் எடுத்துப் பார்ப்பது நல்லது.) ஆனால் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவர் காப்புறுதியைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்த நிலத்திலை ஆயிரம் தரம் நடந்திருப்பன். அதே சப்பாத்து, அதே கால். அண்டைக்கு மட்டும் ஏன்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்கு ஒரு மாதிரியான பதில் எங்களுக்குக் கிடைத்தது பௌலிங் மண்டபத்தில்.

ஏப்ரலில் ஸ்னோ முடிய, கோடை விருந்தாளிகள் வரும்வரை இங்கே ஹோட்டல்கள் பலவற்றைப் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டுக் கடைகளும் அரைவாசி நித்திரை. அந்த இடைக்காலத்தில்தான் எங்களுக்கு ஒன்றாக லீவு கிடைக்கும். ரயிலேறி லாண்ட்குவார்ட் பக்கம் இறங்கினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கீழே மரங்கள் பூத்திருக்கும், மேலே எங்களுடைய ஊரில் இன்னும் அழுக்கு ஸ்னோ குவியல் குவியலாகக் கிடக்கும். அப்படி இறங்கிய ஒரு நாளில்தான் பௌலிங் பழகினோம். பழைய சுவிஸ் சாப்பாட்டுக் கடைகளின் நிலவறையில் இருக்கிற கேகல் எங்களுக்கு முன்பே தெரியும். விரல் விடத் துளையில்லாத சின்னப் பந்து, ஒன்பது கட்டைகள். பௌலிங்கில் பத்துக் கட்டைகள், மூன்று விரல் விடுகிற பெரிய பந்து. ஆகக் கூடினால் 16 இறாத்தல், அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல். கோட்டிலிருந்து முதல் கட்டை 60 அடி, 18 மீற்றருக்குக் கொஞ்சம் கூட.

எங்களுக்குள் ஒரு தம்பிக்கு நல்ல கை. ஊரில் கிரிக்கெட்டில் சுழல்பந்து போட்டவன். மணிக்கட்டைத் திருப்பி விட்டானென்றால் பந்து வலது ஓரத்தால் போய், கடைசியில் மனம் மாறியதுபோல இடது பக்கம் வளைந்து, முதலாம் மூன்றாம் கட்டைகளுக்கு நடுவே புகும். பத்தும் விழும். மற்றக் கிழமை அதே மண்டபம், அதே பந்து, அதே கை, பந்து வளையவேயில்லை. பிறகொரு நாள் பாதி வழியிலேயே வளைந்து முதற்கட்டையைத் தாண்டி இடது பக்கம் போய் விழுந்தது. அவன் கையை ஊதிப் பார்த்தான், சப்பாத்தை மாற்றிப் பார்த்தான், பந்தை மாற்றினான், கடைசியில் எங்களோடு கோபித்தான்.

மணிக்கட்டு முறிந்தவருக்குக் கை பொருந்தியிருந்தாலும் பந்து தூக்க முடியாது. அவர் பின்னால் இருந்து கோப்பி குடித்தபடி, பாதைகளைப் பராமரிக்கிற போர்த்துக்கல்காரரோடு கதைப்பார். இரண்டு பேரும் முறிந்த ஜேர்மனில்தான் கதைப்பது. எங்களுக்குப் பின்னால் நடந்த அந்தக் கதையில்தான் விஷயம் இருந்தது. பாதையில் எண்ணெய் இருக்கிறது என்றார் போர்த்துக்கல்காரர். ஒவ்வொரு நாளும் கதவு திறக்க முன்னர் ஒரு மெஷினைப் பாதையில் ஓட விடுவாராம். அது பழைய எண்ணெயைக் கழுவி உறிஞ்சிக்கொண்டு, புது எண்ணெயைப் பூசிக்கொண்டு போகும். முதல் நாற்பது அடிக்குத்தான் எண்ணெய். கடைசி இருபது அடி காய்ந்த பாதை. ஒரு பாதைக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டதற்கு எங்கள் ஆளின் கோப்பிக் கோப்பையைச் சுட்டிக் காட்டினாராம். ஒரு எஸ்பிரசோ அளவு, இருபது முப்பது மில்லிலீற்றர்.

அன்று திரும்பி வருகிற ரயிலில் நாங்கள் கணக்குப் பார்த்தோம். எங்களுக்குள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகம் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த ஆளும் உண்டு. படித்தது ஒரு கணக்குக்காவது உதவட்டுமே. பாதையின் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர், நாற்பது அடி என்பது பன்னிரண்டு மீற்றர். 25 மில்லிலீற்றர் எண்ணெயை அவ்வளவு இடத்துக்கும் சமமாகப் பரவினால் தடிப்பு இரண்டு மைக்கிரோமீற்றர் அளவில் வரும். ஒரு தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. ஏழு கிலோப் பந்து எந்தப் பக்கம் போவது என்பதை அந்தப் படலம் தீர்மானிக்கிறது.

எப்படி என்பதையும் சொல்லவேண்டும். பந்து கையை விட்டுப் போனதும் உருளுவதில்லை, சறுக்குகிறது. அதற்குள்ளே ஒரு சுழற்சி இருக்கிறது, ஆனால் அந்தச் சுழற்சி போகிற திசைக்கு நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. பந்தின் அடி பாதையில் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக உராய்வு தள்ளும். எண்ணெய் உள்ள இடத்தில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.04, காய்ந்த இடத்தில் 0.2 அளவில். சறுக்குகிற பொருளின் அமர்முடுகல் இந்தக் குணகத்தைப் புவியீர்ப்பால் பெருக்கினால் வருவது. நிறை வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே எண்ணெயில் செக்கனுக்குச் செக்கன் 0.4 மீற்றர், காய்ந்த இடத்தில் 2 மீற்றர், ஐந்து மடங்கு. எண்ணெயில் போகும்வரை பந்து தன் சுழற்சியைச் செலவழிக்காமல் கொண்டுபோகிறது. நாற்பதாம் அடி தாண்டியதும் பாதை அதைப் பிடிக்கிறது. அப்போதுதான் வளைவு. சுழற்சியும் ஓட்டமும் ஒத்துப்போய் வெறுமனே உருளத் தொடங்கிய பிறகு வளைவு இல்லை, நேராகப் போகும். சறுக்கல், வளைவு, உருளல் என்று மூன்று கட்டம். எல்லாம் இரண்டரைச் செக்கனுக்குள்.

இதை விளங்கிக்கொண்டால் தம்பியின் கோபத்துக்கு வேலையில்லை. எண்ணெய் கூடிய நாளில் சறுக்கல் நீண்டு, வளைய இடமில்லாமல் போகிறது. எண்ணெய் குறைந்த நாளில் பந்து முன்னதாகவே வளைந்து, சுழற்சியைத் தொலைத்து, கட்டைகளுக்குப் போகிறபோது களைத்துப் போகிறது. பத்தையும் வீழ்த்தப் பந்து ஆறு பாகை அளவு சரிவில் புகவேண்டும் என்கிறார்கள். நேராக விட்ட பந்துக்கு இரண்டு பாகை கிடைப்பதே கடினம்.

ஊரில் கரம் விளையாடியவர்களுக்கு இது புதினமில்லை. போரிக் பவுடர் தூவின போர்டில் ஸ்ரைக்கர் பறக்கும். பவுடர் இல்லாத வீட்டில் அக்காவின் முகப் பவுடரை எடுத்துத் தூவி அடி வாங்கினவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். மாரி காலத்தில் பலகை ஈரம் குடித்து ஊதிவிடும். அப்போது எவ்வளவு பெரிய விண்ணனுக்கும் காய் பாதி வழியில் நிற்கும். கோடையில் வென்றவன் மாரியில் தோற்பான். நாங்கள் அதைக் கையின் குறையென்றும் ராசியென்றும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

கரம் போர்டில் பவுடர் எங்கும் ஒரே மாதிரி. பௌலிங் பாதையில் எண்ணெய் அப்படி இல்லை, இதுதான் சுவாரசியமான இடம். பாதை 39 பலகைக் கோடுகளாகப் பிரிந்திருக்கிறது. சாதாரண மண்டபங்களில் நடுவிலே எண்ணெய் மிகுதி, ஓரங்களில் சொற்பம். பத்து மடங்கு வித்தியாசம் கூட இருக்கும். அதனால் பந்து கொஞ்சம் வெளியே போனாலும் காய்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே அனுப்பும். கொஞ்சம் உள்ளே போனாலும் நடு எண்ணெய் அதை வளையவிடாமல் நேரே கொண்டுபோகும். விருந்தாளி மனம் கோணாமல் இருக்க மண்டபக்காரர் செய்து வைத்திருக்கிற உபசாரம் இது. பந்தயக்காரருக்கு இந்த உபசாரம் இல்லை. அவர்களின் பாதையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்கூட இராது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எண்ணெய்க் கோலங்களுக்கு மிருகங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். சீற்றா என்றால் எண்ணெய் குட்டை, சுறா என்றால் நெடுக. எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழி என்று அவர்களிடம் ஒரு வாய்ப்பாடும் உண்டு. நாற்பது அடி எண்ணெய் என்றால் ஒன்பது. பந்து வளையத் தொடங்குகிற இடம் ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகைக்கு அண்மையில் இருக்கவேண்டும். வாய்ப்பாடுதான், வேதவாக்கில்லை.

பந்தும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மரப் பந்து போய் 1905 இல் இறப்பர்ப் பந்து வந்தது, பிறகு பிளாஸ்ரிக், 1980களின் தொடக்கத்தில் யுரேத்தேன், 1990களின் தொடக்கத்தில் றெசின். இந்தக் கடைசிப் பந்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அது எண்ணெயைக் குடிக்கும். மழமழப்பான பிளாஸ்ரிக் பந்து எண்ணெயைக் குடிக்காது, தன்னோடு இழுத்துக்கொண்டு போய்க் காய்ந்த இடத்தில் பூசிவிடும். ஆகவே மாலை ஏழு மணிக்கு இருந்த பாதை ஒன்பது மணிக்கு இல்லை. முன்னால் விளையாடினவர் எந்தப் பந்தால், எந்த வழியால் விட்டார் என்பது உங்களுடைய பந்துக்கு விதியாகிவிடுகிறது. தம்பிக்கு முன்னால் அந்தப் பாதையில் ஒரு பிறந்தநாள் விழாப் பிள்ளைகள் விளையாடினார்களா, பந்தயத்துக்குப் பழகுகிற ஆள் விளையாடினாரா என்பதைப் பொறுத்து அவன் கெட்டிக்காரனாகவோ மொக்கனாகவோ ஆகிறான்.

நல்ல ஆட்டக்காரர்கள் முதல் இரண்டு பந்தை வெல்லுவதற்கு விடுவதில்லை, பாதையைக் கேட்பதற்கு விடுகிறார்கள். பந்து இடது பக்கம் பிழைத்தால் தாங்களும் இரண்டு பலகை இடது பக்கம் தள்ளி நிற்பார்கள். பிழைத்த பக்கமே நகர்வது முதலில் புத்திக்குப் பிடிக்காது. ஒவ்வொரு விடுகைக்குப் பிறகும் பந்தில் ஒட்டிய எண்ணெய் வளையத்தைத் துணியால் துடைப்பார்கள். நாங்கள் அதை ஏதோ சடங்கென்று பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

மேலே டாவோஸுக்கு வந்தாலும் கதை இதுதான், எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று 1850 இல் பரடே யோசித்தார். ஐஸின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரம் இருக்கிறது என்றார். ஆளின் பாரத்தால் ஐஸ் உருகுகிறது என்று பிறகு பலர் நம்பினார்கள். 1939 இல் போடன், ஹியூஸ் என்ற இருவர் இதே சுவிஸின் யுங்பிரவ்யோக் மலையில் செய்து பார்த்த பரிசோதனைகளை வெளியிட்டார்கள். உருக்குவது பாரமில்லை, உரசலில் பிறக்கிற சூடுதான் என்பது அவர்கள் முடிவு. மிகக் குளிரில் அந்தச் சூடு போதாது. 1911 இல் தென்துருவப் பகுதியில் வண்டி இழுத்த ஸ்கொட்டின் ஆட்களுக்கு ஸ்னோ மணல் மாதிரி இருந்ததாம். எங்கள் ஊரில் இருக்கிற பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தில் சறுக்குப் பலகைக்கும் ஸ்னோவுக்கும் இடையிலுள்ள இந்தப் படலத்தை இப்போதும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

டாவோஸ் ஐஸுக்கு ஒரு காலத்தில் தனிப் பெயர் இருந்தது. நோர்வேக்காரர் ஒஸ்கார் மத்தீசன் 1914 இல் இங்கே 1500 மீற்றரை 2 நிமிடம் 17.4 செக்கனில் ஓடினார். அந்தச் சாதனை 23 வருடம் நின்றது. 1937 இல் அதை முறியடித்ததும் இங்கேதான், இன்னொரு நோர்வேக்காரர். ஆட்களின் கால் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய காற்று, காற்றடிக்காத பள்ளத்தாக்கு, வறண்ட குளிரில் இறுகிய இயற்கை ஐஸ் ஆகியவையும் கூட ஓடியிருக்கின்றன. அந்த ஐஸுக்கு இரவில் தண்ணீர் விட்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கேர்லிங் ஆடுகிறவர்கள் ஐஸை மழமழப்பாக விடவே மாட்டார்கள். தண்ணீர்த் துளிகளைத் தூவி உறையவிட்டு, அம்மை போட்ட முகம் மாதிரி ஆக்கிய பிறகுதான் இருபது கிலோக் கல்லைத் தள்ளுவார்கள். தும்புத்தடியால் முன்னால் தேய்ப்பது கல்லின் வழியை நீட்டுவதற்கு. தும்புத்தடிக்கு அவ்வளவு மரியாதை தருகிற விளையாட்டு வேறு எங்களுக்குத் தெரியாது.

பௌலிங் மண்டபத்தில் எண்ணெய்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, "அப்ப பந்திலை பிழையில்லை" என்றான். எதைப் பற்றிச் சொல்கிறான் என்று எங்களுக்கு விளங்கியது. அவனும் தமக்கையும் வேறு வேறு நேரத்தில் வந்தவர்கள். இங்கே தஞ்சம் கேட்கிறவர்களைச் சனத்தொகைக் கணக்கின்படி மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். தமக்கைக்குப் பிரெஞ்சு பேசுகிற லொசான் பக்கம், அவனுக்கு இந்தக் கிரவ்புண்டன். ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே வீடு, அலுவலகத்தில் சொன்ன கதையும் ஒன்றுதான். அவளுக்குக் கிடைத்த கடதாசி அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவளின் பிள்ளைகள் பிரெஞ்சில் கேட்பதற்கு அவன் ஜேர்மனில் யோசித்துத் தமிழில் பதில் சொல்லுகிறான். எங்களோடு வந்திருந்த அக்கா, ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர், "பந்திலையும் இருக்கும் தம்பி, முதல்லை பந்தைத் துடை" என்று துணியை எறிந்தார். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பிறகு நெடுநேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிக்கட்டு முறிந்தவர் வேலைக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, குசினி நிலத்தை எங்கள் கணக்கில் பிரித்தது. பொரிக்கிற மெஷினுக்கு முன்னால் இரண்டு மீற்றர் எண்ணெய், கழுவுகிற தொட்டிக்கு முன்னால் தண்ணீர், நடுவில் காய்ந்த நிலம். அவர் விழுந்த இடம் இரண்டும் சந்திக்கிற மூலை. எண்ணெயைச் சப்பாத்தில் எடுத்துக்கொண்டு வந்து ஈரத்தில் வைக்கிறோம், பிளாஸ்ரிக் பந்து செய்கிற வேலைதான். கழுவுகிறபோது அந்த மூலையிலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லி, தானே தொடங்கினார். சமையல் பொறுப்பாளர் முதலில் முணுமுணுத்தார். இப்போது எட்டு மணிக்கு ஒருக்கால் அவரே இறப்பர்த் தடியைத் தேடுகிறார்.

நவம்பர் இடைக்காலத்தில் தம்பி ஒரு பழைய றெசின் பந்து வாங்கினான். மண்டபத்தில் யாரோ விட்டுப்போனது, மலிவு. பார்த்தால் நல்ல பந்து, ஆனால் எந்தப் பாதையிலும் வளையவில்லை. எண்ணெய் குடித்து நிறைந்த பந்து அப்படித்தான் என்றார் போர்த்துக்கல்காரர். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, கோப்பை கழுவுகிற மருந்து கொஞ்சம் விட்டு, பந்தை அதற்குள் அமிழ்த்தி வைக்கவேண்டும், கொதிதண்ணீர் கூடாது, வெடித்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். ஏழு கிலோவை முதுகுப் பையில் போட்டு ரயிலேற்றி மேலே கொண்டுவந்தோம். கடை பூட்டிய பிறகு சட்டி கழுவுகிற தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். கால் மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பந்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று மிதந்து வந்தது, அதைத் தொடர்ந்து இன்னொன்று. யார் யாரோ எந்த எந்த ஊர்ப் பாதைகளில் விட்டெடுத்த எண்ணெய். தண்ணீரை மூன்று தரம் மாற்றினோம். நாலாம் தரமும் வந்துகொண்டேயிருந்தது.